உறைக்குள் வந்த சாவு அப்பம்

லிட்டிட்ஸ், பென்சில்வேனியா
அக்டோபர், திங்கட்கிழமை

அன்பு மகள் ஜனெலுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் அங்கே நியூசிலாந்தில் குறையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம் என்று எழுதினால் பாதிப் பொய், சுகமில்லை என்று எழுதினால் அது முழுப் பொய். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வாசலில் விழுகிற இலைகளைக் கூட்டித் தள்ளுகிறேன். நவம்பரில் நன்றி நாள் பண்டிகைக்குக் குழந்தையோடு வரட்டுமா, அம்மா இல்லாத வீட்டில் நான் வந்து நின்றால் உங்களுக்குத் தாங்குமா என்று கேட்டிருந்தாய். இத்தனை நாள் பதில் போடாமல் இருந்ததற்குக் கோபம் காரணம் என்று நினைத்துவிடாதே. ஏப்ரலில் அவள் அடக்கத்துக்கு நீ வராததில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை, நிறைமாதக்காரியை எந்த விமானத்தில் ஏற்றுவார்கள். வா என்றும் தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை, விஷயம் அவ்வளவுதான். கால் மரத்துப்போனால் எழுந்து நின்று உதறலாம், மனது மரத்துப்போனால் எதை உதறுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று நம் வீட்டில் வருடா வருடம் இலையுதிர் காலத்துக் கடைக் கேக்குகளை வாங்கி ருசி பார்க்கிற ஞாயிறு. இந்த வருடம் வேண்டாம் என்றுதான் இருந்தேன், உன் பெரியம்மா ஃபெர்ன் விட்டால்தானே. என் தங்கச்சி எல்வா போய்ட்டான்னா கடையில கேக் போடறத நிறுத்திட்டாங்களா என்று கேட்டுவிட்டு, கோவில் முடிந்த கையோடு இரண்டு பை நிறையப் பாக்கெட்டுகளோடு வந்து இறங்கிவிட்டாள். பூசணிக் கேக், மேப்பிள் சுருள், ஆப்பிள் வைத்தது, பட்டைத்தூள் தூவியது, போன வருடத்துச் சரக்கையே இலைப்படம் போட்ட புது உறையில் கட்டியது எல்லாம் இருந்தன. உன் அண்ணன் கர்டிஸும் ஆகஸ்டில் அவன் கட்டிக்கொண்டு வந்த மரிசோலும் வந்தார்கள். உன் புது அண்ணி அரிசோனாக்காரி, நல்ல பெண், கொஞ்சம் பயந்த சுபாவம், நீ போனில் பேசினால் சந்தோஷப்படுவாள். பெரியம்மா ரொட்டிக் கத்தியால் ஒவ்வொன்றையும் கூறு போட்டு வைத்தாள், வழக்கம்போலப் பூசணிக் கேக்கை வைதாள். சோற்றில் முழுப் பூசணிக்காயை மறைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம், இவர்கள் இல்லாத பூசணிக்காயையல்லவா கேக்கில் காட்டுகிறார்கள். உன் அம்மா தீர்ப்புச் சொல்கிற விதம் உனக்குத் தெரியும், நல்லது என்றால் இது நமக்கு, சுமார் என்றால் இது போதகருக்கு, மோசம் என்றால் இது வரி வசூலிக்கிறவனுக்கு. நேற்று அந்த வேலை என் தலையில் விழுந்தது. நானும் மென்று பார்த்தேன், சர்க்கரை என்று நாக்குக்குத் தெரிகிறது, இனிப்பு என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் பரவாயில்லை என்றேன். பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. எல்லாத்துக்கும் பரவாயில்லைன்னா உன்னைக் கூப்பிட்டு எதுக்குய்யா உக்கார வெச்சிருக்கு, அந்த அட்டைப் பெட்டியத் தின்னக் குடுத்தாலும் பரவாயில்லைன்னுதான் சொல்லுவே என்றாள். சொல்லியிருப்பேன்.

அப்போதுதான் மரிசோல் தன் கைப்பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தாள். மாமா, இது புதுசா வந்திருக்கு, உங்களுக்காகத் தேடிப் பிடிச்சு வாங்கினேன் என்று ஆசையாகப் பிரித்து நடுவில் வைத்தாள். ஆரஞ்சு உறை, அதில் அறுவடைக் கொண்டாட்டம் என்று கொட்டை எழுத்து, உள்ளே உலர்திராட்சையை மாவுக்குள் மூடிச் சுட்ட உள்ளங்கையளவு அப்பம் இரண்டு. எங்கேயோ மேற்கத்திக் கம்பெனி செய்தது, அவர்களுக்கு என்ன தெரியும். நம் பக்கத்தில் உலர்திராட்சை அப்பத்துக்குச் சாவு அப்பம் என்று பெயர் என்பதும், குழியை மூடிவிட்டு வந்து தின்கிற பண்டம் அது என்பதும் அந்தப் பெண்ணுக்கு மட்டும் எப்படித் தெரியும். மேஜையைச் சுற்றி யாரும் அதைத் தொடவில்லை, கர்டிஸ் தன் காபியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏன், யாருக்கும் திராட்சை பிடிக்காதா என்று கேட்டாள் பாவம். பெரியம்மாதான், இது எழவு வீட்டுப் பண்டம் கண்ணு, எங்க எல்வா அடக்கத்தன்னிக்கே போட்டாச்சு என்றாள். அந்தப் பெண்ணின் முகம் செத்துவிட்டது. ஐயோ மாமா, சத்தியமா எனக்குத் தெரியாது, குப்பையில போட்டுடறேன் என்று கையை நீட்டினாள். நான் அவளுக்கு முந்திக்கொண்டு ஒன்றை எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால், அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை, அதற்குமேல் காரணம் சொல்லத் தெரியவில்லை.

பாதி தின்றிருப்பேன், கர்டிஸ் மெதுவாக, அப்பா, அம்மா அடக்கத்தன்னிக்கு நீங்க இதைச் சாப்பிடவே இல்ல, தட்டக் கையில வெச்சுக்கிட்டு வந்தவங்களுக்கெல்லாம் நாற்காலி போட்டுக்கிட்டே இருந்தீங்க என்றான். எனக்கு அது நினைவே இல்லை. சாவு அப்பத்தைத் தின்னாதவன் வீட்டில் செத்தவர் வெளியே போயிருக்கிறவர்தான் என்று உன் அம்மா வீட்டில் ஒரு பேச்சு உண்டு. நான் அதைக் கேட்டுச் சிரித்தவன். ஆனால் யோசித்துப் பார்த்தால் ஆறு மாதமாக நான் அப்படித்தான் இருந்திருக்கிறேன், கடைக்குப் போனவள் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறவன் எதற்காக அழுவான். மீதியையும் தின்று முடித்தேன். ருசி தெரிந்தது என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும், ஆனால் தெரியவில்லை. விழுங்கும்போது மட்டும் தொண்டையில் எங்கோ ஓரிடத்தில் அடைத்தது, அதைத் தண்ணீர் குடித்துக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. எல்வா இருந்தா இத வரி வசூலிக்கிறவனுக்குக் கூட குடுக்க மாட்டா, மேல் மாவு அப்படி வரட்டியாட்டம் இருக்கு என்று பெரியம்மா சொன்னாள், மரிசோல் அழுதுகொண்டே சிரித்தாள். மிச்சமிருந்த ஒன்றைப் பெரியம்மா கூறு போடப் போனாள். விடு, அது ஜனெலோடது என்று சொல்லிவிட்டேன். சொல்லிய பிறகுதான் உன் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

அதைத் தாளில் சுற்றி ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்பிவிடுங்கள் என்று நீ சொல்லுவாய், மாட்டேன், அது தனியாக உட்கார்ந்து தின்கிற பண்டமில்லை. கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் காத்து நடத்தட்டும், பாட்டியின் கையில் வராத பிள்ளை நூறு வயது நன்றாக இருக்கட்டும். இங்கே குளிர் இப்போதே ஆரம்பித்துவிட்டது, அவனுக்குக் காதை மூடுகிற மாதிரி குல்லாய் எடுத்து வை. டிக்கெட் கிடைத்ததும் கர்டிஸுக்குச் சொல்லிவிடு. நீ வந்து நின்றால் தாங்குமா என்று கேட்டாய் அல்லவா, தாங்காது மகளே. அதற்காகத்தான் வரச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
லூதர் புரூபேக்கர்