இரண்டு முழம் குறைந்த கயிறு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலமாகத்தான் இருக்கிறோம், உன் அப்பாவின் இடுப்பு மட்டும் தனிக்குடித்தனம் போகிற யோசனையில் இருக்கிறது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு, சளி இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன், சளி பிடித்திருந்தாலும் இல்லை என்றே எழுது. இப்போது ஒரு வெட்கக்கேட்டைச் சொல்கிறேன். போனில் சொன்னால் நீ சிரிக்கிற சத்தம் உன் அப்பாவுக்குக் கேட்கும், அவருக்கு இன்னும் மனசு ஆறவில்லை. கோப்பை இறுதிப் போட்டியை டிவியில் பார்த்துவிட்டு, “அம்மா, இப்படி ஒரு பெனால்டி அடிய ஜென்மத்துல பார்த்ததில்ல, ரெண்டு டீமுக்கும் என்னா குறி!” என்று குதித்தாயே, அது குறி இல்லை கண்ணா, உனக்கு ஸ்வெட்டர் அனுப்பிய பார்சல்.

விஷயம் இதுதான். உன் அப்பா மைதானத்தில் கோடு போடுவதற்கு ஒரு வெள்ளைக் கயிறு வைத்திருக்கிறாரே, கோல் கோட்டிலிருந்து பெனால்டி புள்ளி வரைக்கும் அந்தக் கயிற்றின் மொத்த நீளம்தான் அளவு, பதினோரு மீட்டர், பத்தொன்பது வருஷமாக அதை நகை மாதிரி பரணில் பத்திரமாக வைத்திருக்கிறார். உனக்கு ஸ்வெட்டர் அனுப்பின அன்றைக்குத் தபால் ஆபீஸ் மூட அரை மணிதான் இருந்தது, பார்சல் கட்ட வீட்டில் ஒரு நூல்கூட இல்லை, நான் அந்தக் கயிற்றில் ஓர் ஓரமாக இரண்டு முழம் வெட்டிக்கொண்டு, பிரிந்துவிடக் கூடாதே என்று நுனியில் முடிச்சும் போட்டு வைத்தேன். சாயந்திரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், சாயந்திரம் மறந்துவிட்டது. போட்டிக்கு முதல் நாள் பார்த்து அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மற்ற கோடெல்லாம் பழைய தடத்தின்மேலேயே போட்டுவிடலாம், வடக்குப் பக்கம் மட்டும் புதுப் புல் பதித்திருந்ததால் பெனால்டி புள்ளியை மறுபடி அளக்க வேண்டியிருந்தது. அவர் நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்து உத்தரவு போட, கயிற்றை இழுத்துப் பிடித்துப் புள்ளி வைத்தது யார் என்று நினைக்கிறாய், சாட்சாத் உன் அம்மாதான். எனக்கு அப்போதும் ஞாபகம் வரவில்லை பார். அவருக்கோ வேறு கவலை. இத்தனை வருஷம் தினக்கூலியாகவே ஓட்டிவிட்டாரே, மைதானத்துச் செயலாளர் எல்லோர் முன்னாலேயும் “ஃபைனல் ஒரு குறையும் இல்லாம முடியட்டும், ஒண்ணாந் தேதி உங்க வேலை நிரந்தரம்” என்று சொல்லியிருந்தார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மனுஷன் ஒரு மாதம் புல்லோடு புல்லாகப் படுத்துக் கிடந்தார்.

போட்டியைத்தான் நீயே பார்த்தாய், கோலே விழாமல் இழுத்தடித்துக் கடைசியில் பெனால்டிக்கு வந்தார்கள், அதுவும் வடக்குப் பக்கம். ஒருவன் அடித்தான் கோல், அடுத்தவன் அடித்தான் கோல், ஐந்து ஐந்து அடித்தும் ஒன்றுகூடத் தவறவில்லை. உன் அப்பா கம்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு நம் அணி டாக்டரிடம் “எல்லாம் புல்லு சார், புல்லு” என்று பெருமை பேசிக்கொண்டிருந்தாராம். நம் அணியில் ராக்கெட் என்று ஒருவன் இருக்கிறானே, எப்போது அடித்தாலும் பந்தை வானத்துக்கே அனுப்புகிறவன், அவனும் கோல் போட்டுவிட்டு நம்ப முடியாமல் தன் காலையே குனிந்து பார்த்தான் பார், அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கயிறு! அதே நேரம் உன் அப்பாவும் புள்ளியைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்து நான் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார். நான் மழை வருமா என்று மேலே பார்த்தேன். கோல்கீப்பர்கள்கூட ஒருவருக்கொருவர் கோல் போட்டுப் பதினொன்றுக்குப் பதினொன்று ஆகி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். நம் கோல்கீப்பர், தூங்குமூஞ்சி என்பீர்களே, அவன் பாய்ந்து பாய்ந்து அலுத்துப்போய்க் கோட்டின்மேலேயே குந்திவிட்டான், எதிரணிக்காரன் ஓங்கி அடித்தது நேராக அவன் நெஞ்சிலேயே போய் மோதியது. அடுத்து நம் ஆள் அடித்தான், கோப்பை நமக்கு. ஊரே கத்தியது, நாங்கள் இரண்டு பேர் மட்டும் இழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் “மிச்சக் கயிறு எங்கடி?” என்றார். சொன்னேன். திட்டியிருந்தால் பரவாயில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அதற்குள் தோற்ற அணி புள்ளியை அளக்க வேண்டும் என்று புகார் கொடுத்துவிட்டது. மறுநாள் காலை போட்டி நடத்திய சங்கத்திலிருந்து கோட்டு சூட்டு போட்ட அதிகாரி டேப்போடு வந்தார், அளந்தால் பத்து மீட்டரும் நாலு விரலும். செயலாளர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. உன் அப்பா முன்னால் போய், “அளந்தது என் கயிறுதான் சார், தப்பு என்னோடது” என்றார். என் பேரை எடுக்கவே இல்லை. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, “அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க, வெட்டினது நான், பையன் குளிருதுன்னான்” என்று சொல்லிவிட்டேன். அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ரெண்டு டீமும் ஒரே புள்ளியிலேருந்துதானே அடிச்சாங்க” என்றார். தோற்ற அணியின் பயிற்சியாளர் மீசையைத் தடவிக்கொண்டார். “எங்காளு உட்கார்ந்திருந்தவன் மேலேயே அடிச்சானே, அதுக்கு இந்தம்மா என்ன பண்ணும்” என்று சொல்லிப் புகாரைக் கிழித்துப் போட்டார், அவர் பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்கட்டும். செயலாளர்தான் சிரிக்கவில்லை. பத்து நாள் எங்களைத் தூங்கவிடாமல் வைத்திருந்து, நேற்று வேலை நிரந்தர ஆர்டரையும் ஒரு புது ஸ்டீல் டேப்பையும் கொடுத்தார், “இத உங்க வீட்டம்மா தொடக் கூடாது” என்கிற நிபந்தனையோடு. உன் அப்பா அந்த ஆர்டரை ஏழு தரம் படித்தார். எட்டாவது தரம் என்னைப் படிக்கச் சொன்னார், நான் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் அவருக்குக் கண் கலங்கிவிட்டது, சுண்ணாம்பு பட்டுவிட்டது என்றார்.

நோய்நொடி இல்லாமல், நல்ல பேரோடு, எங்களைவிட நூறு மடங்கு நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசும்போது வாழ்த்து மட்டும் சொல், ஒரு சின்னச் சிரிப்புகூட வரக் கூடாது. தலைக்கு எண்ணெய் வை.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா

பின்குறிப்பு: ஆர்டரைக் கண்ணாடி போட்டு மாட்டுவதற்காக, உன் அப்பா இப்போதுதான் சுவரின் நட்டநடுவை டேப்பால் அளந்து ஆணி அடித்தார். அளவு சரியாகத்தான் இருந்தது. அந்த இடத்தில் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் போகிறது. நான் இதைக் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்து எழுதுகிறேன்.