கையில் வாங்காமல் கையெழுத்து இல்லை

லாஸ் பால்மாஸ் துறைமுகம்,
2-2-1970

அன்புள்ள தபீதாளுக்கு,

உயிரோடும் உடம்போடும் இருக்கிறேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதைப் படிக்கும்போது நீ பயப்படக் கூடாது.

கப்பல் அதே இடத்தில்தான் கட்டிக் கிடக்கிறது. முதலாளி எங்களைக் கைவிட்டது உறுதியாகிவிட்டது. கப்பலை விற்று, வேலை செய்தவர்களுக்குச் சம்பளம் பைசல் செய்யப் போகிறார்களாம். பதினொரு மாதச் சம்பளம் வரவேண்டும் என்று விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது ஏழு மாதம்தான். மீதி நாலு மாதத்தை நானே வாயால் கெடுத்துவிட்டேன்.

போன வாரம் கம்பெனி ஏஜென்ட் வந்தான். முதல் நாலு மாதத்துக்கு எவ்வளவு வரவேண்டும் என்று ஒவ்வொருவரையும் கேட்டான். மற்றவர்கள் தொகையைச் சொன்னார்கள். என் முறை வந்ததும், தெரிந்த நாலு ஸ்பானிஷ் வார்த்தையைக் கூட்டி, “நீங்களே பார்த்துக் குடுங்க” என்றேன். நம் பக்கத்தில் தையல்காரர், தச்சர், கல்யாணத்துக்கு வருகிற பேண்டுகாரர் எல்லாரும் அப்படித்தானே சொல்வார்கள்? கூலி கேட்டவன் வெட்கப்பட்டு, இரண்டு ரூபாய் கூடத்தான் கொடுப்பான். இவன் வெட்கப்படவில்லை. என் தோளில் தட்டினான், ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் வைத்தான், நாலு மாதத்துக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். பால்காரன் சீட்டில்கூட ‘ரூபாய் பன்னிரண்டு மட்டும்’ என்று எழுதுகிற மாதர் சங்கப் பொருளாளர் உனக்கு இப்படி ஒரு புருஷன்!

இன்ஜின் அறையில் என்னோடு வேலை செய்யும் தனசிங்கை உனக்குத் தெரியுமே, தூத்துக்குடிக்காரர். அவர் ஏஜென்டிடம் சத்தம் போட்டார். சாயங்காலமே போலீஸ் வந்து கூட்டிப்போனது. மூன்று நாளாகிறது, திரும்பவில்லை. இங்கே போலீஸ் என்றாலே கடைக்காரர்கள்கூடக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

மார்ச் இருபதாம் தேதி துறைமுக ஆபீசில் கடைசிப் பைசல். எனக்கு இந்தப் பாஷை கேட்டால் ஓரளவு புரியும். பேசுவதென்றால் ரொட்டி கேட்கத் தெரியும், தலைவலி என்று சொல்லத் தெரியும். என் காசைக் கொடு என்று கேட்கத் தெரியாது. தெரிந்தாலும் வாய் வருமா என்று பயமாக இருக்கிறது.

பிள்ளை புஷ்பத்துக்கு என் முத்தம்.

உன்,
லாசரஸ்


சேலையூர்,
17-2-1970

என் பிரியமான அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் எழுந்து வேலையைப் பார்த்தேன்.

கேம்ப் ரோட்டைத் தாண்டி ஒரு கன்னியர் மடம் இருக்கிறதல்லவா, அங்கே பிலார் என்று ஸ்பெயின் தேசத்து சிஸ்டர் ஒருவர் இருக்கிறார். நம் சபையார் பார்த்தால் பார்க்கட்டும் என்று நேரே போய்விட்டேன். உங்கள் பாஷையில் பணத்தைப் பற்றிப் பேசச் சொல்லித் தாருங்கள் என்றதும் அவர் சிரித்தார். “நான் பதினாறு வயசிலே மடத்துக்கு வந்தது. அப்புறம் காசு கையிலே தொடல்லை அம்மா. எனக்கு ஜெபம்தான் தெரியும்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னை உட்காரவைத்து, வெகுநேரம் யோசித்து, அவர் அப்பா ஊரில் மளிகைக் கடை வைத்திருந்ததை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திக்கொண்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கல்லாவில் இவரைத்தான் உட்காரவைப்பார்களாம். அந்தக் கடைப்பேச்சு முழுவதையும் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். பதிலுக்கு நான் பீடத்து விரிப்புகளைத் தைத்துக் கொடுக்கிறேன். நான்கு நாள் போய்வந்தேன். தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், உரக்கப் படித்துப் பழகுங்கள்.

குவாந்தோ மே தேபே? எனக்கு எவ்வளவு தரவேண்டும்?

வெயின்திசேயிஸ் மில் பெஸேதாஸ். இருபத்தாறாயிரம் பெஸேதா. உங்கள் ஏழு மாதம் அதுதான், நானும் சிஸ்டரும் இரண்டு தரம் பெருக்கிப் பார்த்தோம்.

நாதா மாஸ். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

நோ ஃபிர்மோ சின் கோப்ரார். கையில் வாங்காமல் கையெழுத்துப் போடமாட்டேன்.

நூறு, இருநூறு, முந்நூறு என்று ஆயிரம் வரை பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். சிஸ்டர் ஒன்று அழுத்திச் சொன்னார்: “தொகை முதல்லே சொல்லணும். சொல்லிட்டு வாய் மூடணும். விலை சொன்ன பிறகு யார் முதல்லே பேசுறாங்களோ, அவங்க தோத்தாங்க. அப்பா சொல்லும்.”

அத்தான், எந்தக் காகிதத்திலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

என்றும் உங்கள்,
தபீதாள்


லாஸ் பால்மாஸ்,
3-3-1970

அன்புள்ள தபீதாளுக்கு,

உன் ஸ்பானிஷ் வந்து சேர்ந்தது. கப்பலின் பின்பக்கம் போய் நின்று கடலைப் பார்த்துச் சொல்லிப் பழகுகிறேன். கடலிடம் நன்றாகத்தான் வருகிறது. நேற்று ஏஜென்ட் படியேறி வந்ததைப் பார்த்ததும் இருபத்தாறாயிரம் மறந்தே போய்விட்டது.

தனசிங் திரும்பிவிட்டார். என்ன நடந்தது என்று சொல்லமாட்டேன் என்கிறார். “கேக்காதீங்க அண்ணாச்சி” என்று மட்டும் சொன்னார். பைசல் நாளில் நானும் வாய் திறந்தால் என்ன ஆகுமோ, தெரியவில்லை.

இன்னொன்று. ஏஜென்ட் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, உன் விஷயத்தில் மதராஸிலிருந்து ஒரு காகிதம் வருகிறது என்றான். என்ன காகிதம் என்று சொல்லவில்லை. பீச் ஸ்டேஷன் பக்கத்துக் கம்பெனி ஆபீசிலிருந்து உனக்கு ஏதாவது எழுதினார்களா? யாராவது வீட்டுக்கு வந்தார்களா? உனக்குத் தெரிந்தால் உடனே எழுது.

டிசம்பர் முதல் புஷ்பம் உன் கடிதத்தில் கிறுக்கி அனுப்புவதில்லை. அப்பா மேல் கோபமா?

உன்,
லாசரஸ்


சேலையூர்,
15-3-1970

அத்தான்,

இது இருபதாம் தேதிக்குள் உங்கள் கைக்கு வராது. தெரிந்தே எழுதுகிறேன். தந்தி கொடுக்கலாம் என்று நேற்றும் இன்றும் தாம்பரம் தபாலாபீஸ் வரை போனேன். படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், இதைப் பத்து வார்த்தையில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அந்தக் காகிதம் நான் கையெழுத்துப் போட்டதுதான்.

டிசம்பரில் புஷ்பத்துக்கு டைபாய்டு. பதினேழு நாள் காய்ச்சல். பிள்ளை என்னையே யாரென்று கேட்டாள். கையிலிருந்ததெல்லாம் தீர்ந்துபோயிற்று. பக்கத்து வீட்டு மெஹர் பானுதான், “நீ போய்ட்டு வா அக்கா, கொயந்தைய நான் பாத்துக்கறேன்” என்று அனுப்பினாள். ரயிலேறி ஆபீசுக்குப் போய் அழுதேன். சாம்பசிவன் என்கிற குமாஸ்தா முந்நூறு ரூபாயை எண்ணி மேஜைமேல் வைத்து, ஒரு இங்கிலீஷ் காகிதத்தை நீட்டினார். “சும்மா ஃபார்மாலிட்டிமா, போட்டுட்டுப் போங்க.” முதல் இரண்டு வரியைத்தான் படித்தேன். ஊசி மருந்துக் கடை மூடிவிடுமே என்று, வழக்கம்போல எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். அவர் கொடுத்த நகலை வீட்டில் ஆற அமரப் படித்தபோதுதான் தெரிந்தது: இந்தப் பயணத்துக்கான சம்பளம் முழுவதையும் குடும்பம் பெற்றுக்கொண்டதாம். உங்கள் சம்பளத்தை நான் வாங்கலாம் என்று என் பேருக்கு நீங்கள் கொடுத்துவிட்டுப் போன அதிகாரப் பத்திரத்தை வைத்தே எழுதிவிட்டார்கள்.

நீங்கள் கடலில் தனியாக இருக்கிறீர்கள், பிள்ளை விஷயம் எழுதினால் என்ன செய்துகொள்வீர்களோ என்று மறைத்தேன். ஒன்றை மறைத்ததால் மற்றதையும் மறைக்க வேண்டியதாயிற்று. உங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுத்துப் புத்தி சொன்னேனே, அந்தக் கைதான் இதிலும் கையெழுத்துப் போட்டது. பிலார் சிஸ்டரிடம்கூட இதைச் சொல்ல எனக்கு முகமில்லை.

புஷ்பம் பிழைத்துவிட்டாள். முடியெல்லாம் கொட்டி இப்போதுதான் முளைக்கிறது. கீழே கிறுக்கியிருப்பது அவள்தான். கப்பலாம்.

என்னைத் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

தபீதாள்


லாஸ் பால்மாஸ்,
20-3-1970, சாயங்காலம்

தபீதாள்,

பைசல் முடிந்தது. வந்த வேகத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

துறைமுக அதிகாரி நடுவில் உட்கார்ந்திருந்தார். கதவருகே இரண்டு போலீஸ். ஏஜென்ட் ஆயிரம் பெஸேதாவை வைத்துக் காகிதத்தை நீட்டினான். நான் வெயின்திசேயிஸ் மில் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். நோ ஃபிர்மோ சின் கோப்ரார் என்றேன். அப்புறம் உன் சிஸ்டர் சொன்னபடி வாயை மூடிக்கொண்டேன்.

ஏஜென்ட் சிரித்துக்கொண்டே பையிலிருந்து மதராஸ் காகிதத்தை எடுத்து அதிகாரி முன்னால் வைத்தான். இவன் பெண்டாட்டி எல்லாவற்றையும் வாங்கிவிட்டாள் என்றான். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஒரு நிமிஷம், தபீதாள், ஒரே நிமிஷம், உன்னை மிகவும் கேவலமாக நினைத்தேன். அதற்கு என்னை மன்னித்துவிடு.

அதிகாரி கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, கையெழுத்துக்கு மேலே இருப்பது என்ன எழுத்து என்று கேட்டார். அலங்காரம் என்றான் ஏஜென்ட். குனிந்து பார்த்தேன். ‘ரூபாய் முந்நூறு மட்டும் பெற்றுக்கொண்டேன்.’ தமிழில், நீ பால்காரனுக்கு எழுதுகிற அதே மாதிரி. த்ரேஸியெந்தாஸ் ரூபியாஸ், நாதா மாஸ் என்று கத்திவிட்டேன். போலீஸ்காரன் ஒரு அடி முன்னால் வந்தான். இவன் பொய் சொல்கிறான் என்றான் ஏஜென்ட். அதிகாரி என்னை வெளியே நிற்கவைத்து, தனசிங்கைக் கூப்பிட்டு அதைப் படிக்கச் சொன்னார். ஸ்பானிஷில் எண்ண மட்டும் லாக்கப்பில் கற்றுக்கொண்டாராம் மனிதர். உள்ளேயிருந்து த்ரேஸியெந்தாஸ், அதே முந்நூறு, என்ற சத்தம் வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

முந்நூறு ரூபாயைக் கழித்துக்கொண்டு மீதி முழுவதையும் கொடுத்தார்கள். எண்ணி வாங்கிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதம் டிக்கெட் தருகிறார்களாம்.

சந்தோஷப்பட வேண்டிய நான் இப்படி உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் காகிதத்தில் தேதி டிசம்பர் பதினெட்டு. சும்மா போய் முந்நூறு ரூபாய்க்கு ஒருவரிடம் கை நீட்டுகிறவள் இல்லை நீ. உன் டிசம்பர் கடிதங்களை எல்லாம் மறுபடி எடுத்துப் படித்தேன். ஒவ்வொன்றிலும் ‘புஷ்பம் சுகம்’ என்று ஒரே வரிதான் இருக்கிறது. அவள் கிறுக்கல் எதிலும் இல்லை.

தந்தி ஆபீஸ் எதிரில்தான் இருக்கிறது. பையில் பணமும் இருக்கிறது. கேட்கப் பயமாக இருக்கிறது. வருகிற பதிலை இங்கே தனியாக நின்று வாங்க என்னால் முடியாது.

நீ எதை மறைத்திருந்தாலும் எனக்குக் கோபம் இல்லை. பதில் எழுதும்போது சலாம் வேண்டாம், சுகம் விசாரிக்க வேண்டாம். முதல் வரியில் பிள்ளையைப் பற்றி எழுது.

லாசரஸ்