தைலப் பாட்டில் பயில்வான்

ஆடி 12, 1984

எழுதவே வெட்கமாக இருக்கிறது. என் தைலப் பாட்டிலில் மீசை முறுக்கி நிற்கும் பயில்வான், வாசுதேவநல்லூர்ச் சோடாக்காரர் ஒருவரின் லேபிளிலிருந்து நான் சுட்டவன். இன்றுவரை யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

குற்றாலத்துக்கு சீசனுக்கு வந்திருக்கும் மெட்ராஸ் ஓவியக்காரப் பெண் இன்று கடைக்கு வந்தாள். அதே பயில்வானை ஆள் உயரத்துக்கு அச்சடித்து, அடியில் தன் கையெழுத்தைப் போட்டிருந்தாள். பக்கத்தில் 3/20.

“இருபதுக்கு மூணுதானா? பெயிலாயிட்டியே தாயி!” என்றேன்.

“மார்க் இல்லை அண்ணாச்சி. மொத்தமே இருபதுதான் அடிச்சேன், இது மூணாவது. உங்க படத்தைக் கேக்காம எடுத்துட்டேன். வேண்டாம்னா இருபதையும் கிழிச்சுடறேன்.” முகம் வாடிவிட்டது அவளுக்கு.

“உள்ளதைச் சொல்லுதேன், நானே களவாண்டதுதான். கிழிச்சிராத தாயி!”

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நான் சுட்டுவிட்டுப் பயந்து கிடந்தேன். இவளோ தன் பேரையும் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாள். என்ன தைரியம்! பயில்வானுக்கும் என் பாட்டிலில் இல்லாத கம்பீரம். பார்க்கப் பார்க்கத் தீரவில்லை.

படத்தை எனக்கே கொடுத்துவிட்டாள். என் வீட்டுக்காரி கஞ்சிப் பசை தடவி, சாத்தியிருந்த வாசல் கதவு இரண்டுக்கும் சேர்த்து ஒட்டினாள். பசை காய்ந்ததும் கதவைத் திறந்தாள்; இடது கதவில் பாதி மீசை, வலது கதவில் பாதி மீசை.