ரவுடிக்குப் பக்கத்தில் ரவுடி

நாள் 211, காலை 6:40
செவ்வாய்க் கோள், மூன்றாம் பசுமைக்கூடம். பதிபவர் தில்லைநாயகி, பயிர் இனப்பெருக்கப் பிரிவு. இங்கே நான் மட்டும். வெப்பம் பதினேழு டிகிரி, ஈரம் சரி.
உருளைக்கிழங்குச் சோதனை முடிந்தது, ரகத்துக்கு ஒரு வரிசை. ஏழாம் ரகம் முதலிடம். நான் வைத்த பெயர் ரவுடி. பக்கத்து வரிசை எட்டாம் ரகம், சாது. கடைசி இடம்.
ரவுடியின் தழை சாதுவின் மேல் ஏறிப் படுத்திருக்கிறது. சாதுவின் வெளிச்சம், தண்ணீர் எல்லாம் அதற்கே. இது விளைச்சல் இல்லை, திருட்டு. ரகத்துக்கு நான்கு வரிசை நட்டு, நடு இரண்டை மட்டும் எடை போட வேண்டும்; அப்போதுதான் ரவுடிக்குப் பக்கத்திலும் ரவுடியே நிற்கும், திருட முடியாது. பூமிக்கு எழுதிவிட்டேன்.

நாள் 213, மதியம் 2:10
திட்டத் தலைவர் பாக்கியநாதனின் பதில்: "அதுக்கெல்லாம் எடம் இல்லம்மா. மொதல்ல வந்தது மொதல்தான். ஏழாம் நம்பரையே எல்லாப் பாத்தியிலயும் நடு. மிச்ச விதைக்கிழங்க வேகவச்சு காயவச்சுடு. அங்க குடியேற நாப்பது பேர் கெளம்பிட்டாங்க."
விதைக்கிழங்கை வேகவைப்பதா! மறுத்தேன். இயந்திரக் கை அவர் பேச்சைத்தான் கேட்கும்; அள்ளிக்கொண்டு போய்விட்டது. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். என் சாதுவுக்கு மிரளக்கூட நேரம் தரவில்லை. ஒன்றை மட்டும் ஒளித்து வைத்தேன்.

நாள் 298, மாலை 5:25
எங்கும் ரவுடி. தழை இடுப்பளவு, ஒன்றையொன்று நெரிக்கிறது. தோண்டினால் கோலிக்குண்டுகள். திருடப் பக்கத்தில் ஏமாளி இல்லையென்றால் இதற்குப் பிழைக்கத் தெரியாது. நாற்பது பேருக்கு, பத்துப் பேர் சாப்பாடு.
பாக்கியநாதன்: "நீ சரியா தண்ணி விடலயோ?"
வாயில் வந்ததை எழுதினால் பதிவு அழுகிவிடும்.

நாள் 301, காலை 11:50
கப்பல் இறங்கிவிட்டது. வந்தவர்களை எப்படிப் பொறுக்கினீர்கள் என்று பாக்கியநாதனிடம் கேட்டிருந்தேன். பெருமையோடு பதில்: "ஒரே கூடத்துல நெருக்கி வச்சு, அரைவயித்துச் சாப்பாடு. பக்கத்துல இருந்தவனையெல்லாம் தள்ளிட்டு வந்த நாப்பது பேரு. அத்தனையும் மொதல் எடம்!"
பாவி. பாவி. அதே சோதனை.

11:58
கதவைத் தட்டுகிறார்கள். "அக்கா, பசிக்குது, தெறங்க." பின்னால் யாரோ விழும் சத்தம். எலும்பு முறிந்தது போல.
இதைக் கண்டெடுப்பவரே, வடிகால் மூடிக்கு அடியில் ஒரு சாது இருக்கிறது. தின்றுவிடாதீர்கள். நடுங்கள். அதன் பக்கத்தில் மட்டும்

12:01, பதிபவர் தெரியவில்லை, குரல் மட்டும்
"மொதல்ல நான்."