இடப்பக்கத்து ஸ்பீக்கர்

ஜூன் 2, ஞாயிறு

அக்கா வந்துவிட்டுப் போனாள். எழுதிப் பார்த்தும் நம்ப முடியவில்லை.

அவள் மூத்த மகள் ரோஜாவின் கல்யாணத்தன்று திண்டிவனம் மண்டபத்தைவிட்டுச் சாப்பிடாமல் வெளியேறியவன் நான். அதன் பிறகு அந்த வீட்டுப் பக்கமே போனதில்லை. இன்று காலை அக்கா தையல்நாயகியும் அவள் புருஷன் விருத்தாசலமும் தாம்பாளத்தோடு விழுப்புரத்தில் என் வாசலில் நிற்கிறார்கள். இளையவள் வெண்ணிலாவுக்குக் கல்யாணம். முதல் பத்திரிகை தாய்மாமனுக்காம்.

பத்திரிகையை வாங்கிக்கொண்டேன். வருகிறேன் என்று சொல்லவில்லை. தாய்மாமன் நான் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, என்னைக் கூப்பிடாமல் எங்கள் சித்தப்பா மகன் கோகுலகிருஷ்ணனை விட்டு ரோஜாவின் நெற்றியில் பட்டம் கட்டவைத்தவர்கள் இவர்கள். மாமன் கையால் கட்டவேண்டிய பட்டம். ஊரே பார்த்தது. எல்லாம் மறந்துவிட்டதா?

கேட்டேவிட்டேன். அக்கா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"கூப்டாம இருப்பமாடா? கோகுலு உன் பக்கத்துல வந்து நின்னு கூப்ட்டான். திரும்பவும் கூப்ட்டான். நீதான் மூஞ்சியத் திருப்பிக்கினு மேளக்காரனையே பாத்துக்கினு இருந்த. முகூர்த்தம் தாண்டிப் போவுதுன்னு அவனையே கட்டச் சொன்னோம்."

என் வீட்டிலேயே உட்கார்ந்து, என் காப்பியைக் குடித்துக்கொண்டு, இப்படி ஒரு பொய்!

கிளம்பும்போது விருத்தாசலம் ஆட்டோவிலிருந்து அட்டைப்பெட்டிகளை இறக்கினார். சத்தத்தைப் பிரித்து அனுப்பும் ஆடியோ ரிசீவர், ஐந்து ஸ்பீக்கர், அதிர்வொலிக்கு ஒரு சப்வூஃபர். "நான் புதுசு வாங்கிட்டேன் மச்சான். இது சும்மா கெடக்குது. உன் டிவியில மாட்டு. சத்தம் உன்னைச் சுத்திச் சுத்தி வரும் பாரு."

பழசைக் கொண்டுவந்து கொட்ட ஒரு மச்சான் வீடு.

ஜூன் 3, திங்கள்

கல்யாணத்துக்கு என்ன புடவை எடுப்பது என்று என் மனைவி செண்பகம் ஆரம்பித்தாள். எரிச்சலில் சொன்னேன்: "அந்தப் பெட்டிச் சத்தம் அவர் சொன்னமாதிரி சுத்தினா வர்றேன். இல்லன்னா இல்ல."

"எழுதி வெச்சிக்கோங்க, அப்புறம் பேச்சு மாறக் கூடாது" என்றாள்.

எழுதிவிட்டேன். அவர் கொடுத்தது ஒழுங்காக இருக்காது என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 8, சனி

பகல் முழுதும் டிவிக்குப் பின்னால் தலையைக் கொடுத்துக்கொண்டு கிடந்தேன். முதலில் சத்தமே இல்லை. ஹெச்.டி.எம்.ஐ. ஓட்டைகளில் 'ஏ.ஆர்.சி.' என்று போட்டிருப்பது ஒன்றுதான் டிவியின் சத்தத்தை வெளியே அனுப்புமாம். நான் வேறொன்றில் செருகியிருந்தேன். மாற்றியதும் சத்தம் வந்தது. ஆனால் ரிசீவரில் முன்னாலிருக்கும் இரண்டுக்கு மட்டும்தான் விளக்கு. பின்னவை ஊமை.

டிவியின் ஒலி அமைப்பில் தேடிப் பார்த்தால் 'பி.சி.எம்.' என்று இருந்தது. ஐந்து வழியாக வருவதை டிவியே இரண்டாகச் சுருக்கி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. 'பாஸ்த்ரூ' என்று மாற்றினேன். ரிசீவரின் முகத்தில் எழுத்து மாறியது. ஐந்துக்கும் விளக்கு எரிந்தது. எனக்கே ஒரு பெருமை.

மழைக்காட்சி ஒன்றைப் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்தேன்.

மழை பெய்தது — வலப்பக்கம் மட்டும்.

ஜூன் 9, ஞாயிறு

ரிசீவரிலேயே ஒரு சோதனை இருக்கிறது. 'உஸ்' என்ற இரைச்சலை ஒவ்வொரு ஸ்பீக்கராக அனுப்பும். எதற்குப் போகிறதென்று பெயரும் காட்டும். இடது முன், நடு, வலது முன், வலது பின், இடது பின். பெயர் சுற்றுகிறது. சத்தம் சுற்றவில்லை. எல்லாமே வலப்பக்கத்திலிருந்து. இடது என்று காட்டும்போது இன்னும் மங்கல்.

வயர்களை இடம் மாற்றினேன். அப்போதும் வலப்பக்கம். ஸ்பீக்கர்களையே தூக்கி இடம் மாற்றினேன். அப்போதும்!

கெட்டுப்போன பெட்டி. தெரிந்தேதான் தலையில் கட்டியிருக்கிறார். செண்பகம் கோயிலிலிருந்து வந்ததும் சொல்லிவிட்டேன்: கல்யாணத்துக்குப் போவதில்லை. உள்ளுக்குள் ஒரு திருப்தி, பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்று இடிக்கிறது. வயரை மாற்றினால் பக்கமும் மாறத்தானே வேண்டும்?

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தது. அன்புச்செல்வன் — எனக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் — வராந்தாவில் என்னைக் கூப்பிட்டானாம், நான் மதிக்காமல் போனேனாம். ஆசிரியர் அறை முழுக்க இதே பேச்சு. கூப்பிடவே இல்லை. கதை கட்டுவதற்கு இவனுக்கும் என் அக்காவிடம்தான் பயிற்சி போல.

ஜூன் 16, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பெட்டியைத் திருப்பி அனுப்பக் கட்டிக்கொண்டிருந்தேன். செண்பகம் விடவில்லை. "ஒரு வாட்டி எனக்குப் போட்டுக் காட்டுங்க" என்றாள். சோதனையைப் போட்டேன். நடுவில் உட்கார்ந்து, விளையாட்டாகக் கண்ணை மூடிக்கொண்டு, இரைச்சல் வரும் பக்கமெல்லாம் விரலை நீட்டினாள். இடது. நடு. வலது. பின்னால் வலது. பின்னால் இடது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"நல்லாத்தானே சுத்துது? என்னா பேஜாரு பண்றீங்க நீங்க!"

"நகரு" என்று நான் உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். விரலை நீட்டினேன். அவள் சிரித்தாள். மறுபடி நீட்டினேன். சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தால் என் விரல் வலப்பக்கம் நீண்டிருக்கிறது. எரிந்துகொண்டிருந்தது இடது பின் விளக்கு.

"வலது காதைப் பொத்துங்க" என்றாள்.

பொத்தினேன். அழுத்திப் பொத்தினேன்.

அவள் உதடு அசைந்தது. அவ்வளவுதான். உதடு அசைந்தது!

எப்படி? எப்படி எனக்கே தெரியாமல்? போனை எப்போதும் வலது காதில் வைப்பேன். அது பழக்கம் என்றல்லவா நினைத்தேன்?

செண்பகம் பக்கத்தில் உட்கார்ந்தாள். வலப்பக்கம். "தெருவுல நான் ஏன் எப்பவும் இந்தப் பக்கமே நடக்கிறேன் தெரியுமா? அந்தப் பக்கம் வந்தா நீங்க பதில் சொல்றதில்ல. உங்களுக்குக் கோவம்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

ஜூன் 17, திங்கள்

கோகுல் எந்தப் பக்கம் நின்றான்?

ஜூன் 22, சனி

காது ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கூண்டில் உட்காரவைத்து, காதில் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது காதுக்கு அழுத்தினேன். இடது காதுக்கு மாற்றியதாகச் சொன்னபின் அழுத்துவதற்கு எதுவும் வரவில்லை. இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்து, "முடிஞ்சிதுங்க சார்" என்றாள் அந்தப் பெண்.

நரம்பு போய்விட்டதாம். பல வருடம் இருக்கலாமாம். டாக்டர் கேட்டார், எப்போதாவது காய்ச்சலோடு பெரிய தலைசுற்றல் வந்ததா என்று. வந்தது. ரோஜாவுக்கு நிச்சயம் பண்ணின சமயம். காது அடைத்தமாதிரி இருந்தது. பித்தம் என்று இஞ்சிச் சாறு குடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். உடனே வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார்.

அப்படியென்றால் கல்யாணத்துக்கு முன்பே.

மண்டபம் கண்ணில் நிற்கிறது. மேளம் எனக்கு வலது கைப் பக்கம். மேடைக்கு ஏறும் படி இடது கைப் பக்கம். கோகுல் அந்தப் படியில் இறங்கித்தான் வந்திருக்க வேண்டும். வேறு வழியில்லை.

மூஞ்சியத் திருப்பிக்கினு. அக்கா இத்தனை வருடமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஜூன் 23, ஞாயிறு

யாரிடமும் சொல்லக் கூடாது என்று செண்பகத்திடம் சொல்லிவிட்டேன். அன்புச்செல்வன் காதுக்குப் போனால் செவிட்டு வாத்தியார் என்பான்.

பெட்டியைத் திருப்பி அனுப்பவில்லை.

ஜூலை 12, வெள்ளி

திண்டிவனம் போய் வந்தோம். எழுதிவைத்ததை எடுத்துக் காட்டி, "பெட்டி சுத்துது, கெளம்புங்க" என்றாள் செண்பகம். மறுக்க என்ன இருக்கிறது?

அதே மண்டபம். முன்வரிசையில் படி கண்ணில் படும்படி நாற்காலியைச் சற்றுத் திருப்பிப் போட்டேன். நாற்காலியைக் கோணலாகப் போட்டால் வரிசை கெடுகிறது என்று ஒருவன் முணுமுணுத்தான். அது கேட்டது. ஐயர் மந்திரம், மேளம், குழந்தைகள் கூச்சல் — எல்லாம் ஒரே குவியலாக வந்து விழுந்தது. அதில் என் பெயரை எப்படிப் பிடிப்பேன்? கழுத்து வலிக்க மேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

அக்கா மணவறையை விட்டு எழுந்தாள். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினாள். எனக்கு இடப்பக்கம்தான் வந்து சேர்ந்தாள். அங்கே நிற்கவில்லை. நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து, என் மணிக்கட்டைப் பிடித்தாள். செண்பகம் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிடியை விடாமல் மேடை வரைக்கும் கூட்டிப்போனாள். வெண்ணிலா நெற்றியைக் காட்டினாள். பட்டத்தை நான் கட்டினேன்.

பந்தியில் சாம்பார் தண்ணீர். விருத்தாசலம் என் வலப்பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். எப்போதையும்விடச் சத்தமாகத்தான் கேட்டார்.

"பெட்டி எப்படி மச்சான்? சுத்திச் சுத்தி வருதா?"

"வருது மாமா" என்றேன்.