ஆடிக் காத்தும் மூடியில்லாத லேசர் மெஷினும்

அன்புக் கண்ணு பிரவீனாவுக்கு அம்மா எழுதறது. நான் நல்லா இருக்கறேன். கை காலெல்லாம் முழுசா இருக்குது, தலையில ஒரு முடி கூடக் கருகல. நீயும் மாப்பிள்ளையும் அந்த ஆக்லாந்துக் குளுருல சளி இருமல் இல்லாம நல்லா இருக்கோணும்னு சென்னிமலை முருகனை நெனச்சுட்டு இதை எழுத ஒக்காந்திருக்கறேன். போன் இருக்கறப்ப எதுக்கும்மா கடுதாசின்னு கேப்ப. போன்ல நான் ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள நீ ஒம்பது வார்த்தை பேசிப்போடற, கடைசியில ரெண்டு பேரும் அழுதுட்டு வெச்சுடறோம். ஒரு வாரமா அதுவும் இல்ல. அதனால நோட்டுல எழுதி, பக்கம் பக்கமா போட்டோ எடுத்து அனுப்பறேன். படிச்சு முடிக்கற வரைக்கும் நீ குறுக்க பேச முடியாதில்ல.

மொதல்ல கதவு சமாச்சாரம். நீ ஒடைக்கச் சொன்ன கதவு இன்னும் ஒடஞ்ச மாதிரியே கெடக்குது. தாப்பா பேந்ததோட நிக்காம கதவைத் தாங்கற நெலவுச் சட்டமும் ஒரு பக்கம் பொளந்துபோச்சு. தச்சரைக் கூட்டியாந்து காட்டுனா, ஏனுங்க அம்மா ஆடி மாசத்துல தலவாசல் நெலவுல கை வைக்கச் சொல்றீங்களே, ஆவணி பொறக்கட்டும்னு சொல்லிப்போட்டு டீயைக் குடிச்சுட்டுப் போயிட்டாரு. இப்பத்திக்குச் சங்கிலி போட்டுப் பூட்டி வெச்சிருக்கறேன். காத்தடிக்கறப்பெல்லாம் அது கடகடன்னு ஆடுது, நானும் யாரோ வந்துட்டாங்கன்னு எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்கறேன். இந்தக் காத்துல அதுக்கு ஓய்வே இல்ல, எனக்கும் இல்ல.

இந்த மெஷின் எதுக்கு உனக்கு, வயசான காலத்துல சும்மா இருக்கக் கூடாதான்னு அன்னைக்குக் கத்துனயே, அதுக்குப் பதில் சொல்ல நீ விடவே இல்ல. பம்ப்செட் கம்பெனியில முப்பத்தோரு வருசம் காயில் சுத்துனேன். நான் சுத்துன மோட்டாரெல்லாம் ஆருதோ தோட்டத்துப் போர்க்குழிக்குள்ள எண்ணூறு அடி, ஆயிரம் அடிக்குக் கீழ ஓடிட்டு இருக்குது. நான் செஞ்ச பொருளு ஓடறதை என் கண்ணால ஒருநா நின்னு பாத்ததில்ல கண்ணு. அதனாலதான் மரப் பல்சக்கரம் வெச்ச கடியாரம். பல்லு பல்லோட கோத்துட்டு ஓடறது வெளிய தெரியோணும். மொதல்ல ரம்பத்துல அறுத்துப் பாத்தேன், பன்னெண்டு சக்கரம் அறுத்ததுல ரெண்டு கூட ஒண்ணுக்கொண்ணு சேரல. லேசர் மெஷினு இருந்தா பல்லு நூலு புடிச்சாப்புல வருமுன்னு தெரிஞ்சப்பறம்தான் உங்கிட்ட கேட்டேன். நீ என்ன சொன்ன? எம்ப்ராய்டரி கிளாஸ் போம்மான்னு சொன்ன. முப்பத்தோரு வருசம் செம்புக் கம்பி சுத்துன கையில பட்டு நூலைக் குடுக்கற.

சரின்னு நானே தேடுனேன். உங்கூடப் படிச்ச மிதுன் நேம்போர்டு கடை வெச்சிருக்கறானே, அவன், அத்தை உங்களுக்கு எதுக்கு வெளையாட்டுச் சாமான், திருப்பூர்ல பனியன் கம்பெனியில துணி வெட்டுன பழைய மெஷின் ஒண்ணு வருது, அதை எடுத்துப்போடலாம்னு பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போனான். போயிப் பாத்தா அது ஈத்து எருமையாட்டம் நிக்குது. கண்ணாடிக் குழாய்க்குள்ள இருந்து லேசர் வருமாம், அது சூடாகாம இருக்கத் தண்ணி ஓடிட்டே இருக்கோணுமாம், குழாய் ரெண்டு வருசத்துல தீந்துபோனா மாத்தோணுமாம். எருமையைக் கட்டுனாலாவது பாலு கறக்கலாம், இதைக் கட்டி எங்க வெக்கறது, பிரவீனா ரூம்லயான்னு அவங்கிட்ட கேட்டுப்போட்டு திரும்பி வந்துட்டேன். அப்பறம் டவுன்ஹால் பக்கம் ஒரு கடை. அங்க ஒரு பையன், ஆன்ட்டி இது நாப்பது வாட்ஸ், இந்த வெலைக்கு எங்கயும் கெடைக்காதுன்னு பெட்டியத் தட்டித் தட்டிக் காட்டறான். நாப்பதுங்கறது கரண்ட் இழுக்கறதா, லேசரா வெளிய வர்றதான்னு கேட்டேன். தலையச் சொறியறான். கீழ ஒட்டியிருந்த சீட்டைத் திருப்பிப் படிச்சா வெளிய வர்றது அஞ்சே வாட்ஸ். என் பொழப்பே மோட்டார் சீட்டு படிக்கற பொழப்பு, எங்கிட்டயே இந்த வேலை. நாலு மில்லி பிளைவுட் அறுக்கோணும்னா வெளிய வர்றது பத்தாவது வேணும், அதுக்குக் கொறஞ்சா ஒரே கோட்டுல எட்டுத் தடவ ஓட்டி ஓரமெல்லாம் கரியாப் போயிரும், இத்தனையும் நானா ராத்திரி பகலா வீடியோ பாத்துக் கத்துக்கிட்டது.

கடைசியில ரெண்டு மெஷின் நின்னுச்சு. ரெண்டும் பத்து வாட்ஸ். ஒண்ணு நாலு கம்பியும் தலையுமா தெறந்து கெடக்கறது, கண்ணாடி மாட்டிக்கிட்டு வேலை செய்யோணும். இன்னொண்ணு பெட்டிக்குள்ள, மூடியத் தெறந்தாலே லேசர் நின்னுபோகும், பொகை குழாய் வழியா வெளிய போயிரும், ஆனா வெலை ஏறக்கொறைய ரெண்டு பங்கு. எனக்கு மனசு பெட்டி மேலதான். நீதான் சொன்ன, எப்படியும் ஒரு மாசத்துல மூலையில போடப்போறம்மா, கம்மி வெலையில எடுத்துக்கோன்னு. இப்ப ஞாபகம் வருதா? மூடியில்லாததை வாங்கச் சொன்னதும் நீ, ஏம்மா மூடியில்லாம வெச்சிருக்கறன்னு கத்துனதும் நீ. நல்லா இருக்குது அம்மணி ஞாயம்.

அன்னைக்கு நடந்ததை இப்பவாவது முழுசாக் கேளு. காலையில பத்தரை இருக்கும். தச்சர் குடுத்த, மரத்தூளை அமுக்கிச் செஞ்ச எம்.டி.எஃப் பலகைத் துண்டு ஒண்ணை, ஊட்டுக்குள்ள ஹால் சன்னலோரம் மெஷினை வெச்சு அறுத்துட்டு இருந்தேன். பிளைவுட்டை விட அது பொகை எச்சு, அது எனக்குத் தெரியும், அதனாலதான் டேபிள் ஃபேனை வெளிய பாத்துத் திருப்பி வெச்சிருந்தேன். ஆனா ஆடிக் காத்து பாலக்காட்டுக் கணவாயில இருந்து வர்ற வேகத்துக்கு இந்த ஃபேன் என்ன பண்ணும், போன பொகையெல்லாம் திரும்பி உள்ள வந்துபோடுச்சு. தீ இல்ல, பொகைதான். போன் சமையல்கட்டுல சார்ஜுல கெடந்துச்சு. மெஷின் சத்தம், ஃபேன் சத்தம், காத்து ஊதற மோட்டார் சத்தம், மணியடிச்சது காதுல உழுகவே இல்ல. திடீருன்னு தலவாசல்ல டமார் டமார்னு கேக்குது. நான் திருடன்தான் பட்டப்பகல்ல வந்துட்டான்னு அருவாமனையத் தேடறேன். கதவு பேந்து உள்ள உழுந்துச்சு, அது மேலயே பக்கத்தூட்டு வரதராஜுலு உழுந்தாரு, பின்னால கேஸ் போடற தம்பி. தீப்புடிச்ச ஊடுன்னு நெனச்சு ஒடைக்க வந்தவன் சிலிண்டரைக் கொண்டாந்து நடுவாசல்ல வெச்சுப்போட்டு ஒடைச்சிருக்கறான், அந்த அறிவைப் பாரு. நான் ஒண்ணுமில்லீங்க ஒண்ணுமில்லீங்கன்னு சொல்லச் சொல்ல, வரதராஜுலு பாத்ரூமுக்குள்ள ஓடிப் பக்கெட் தண்ணியத் தூக்கியாந்து மெஷின் மேல தலையோட ஊத்திப்போட்டாரு. பட்டுனு ஒரு சத்தம், ஊட்டுல கரண்டே போயிடுச்சு. அறுத்துட்டு இருந்த சக்கரத்துல இன்னும் ஏழு பல்லுதான் பாக்கி. உங்க மகதானுங்க அழுதுட்டே கூப்புட்டுச்சு, அம்மா ஊடு எரியுது, கதவை ஒடைங்கன்னு சொல்லுச்சுன்னு அந்த மனுசன் ஈரத்தோட நடுங்கறாரு. அந்த ஆத்திரத்துலதான் உன்னைக் கூப்புட்டு அப்படிப் பேசிப்போட்டேன். நீயும் மெஷினை எடைக்குப் போடு, இல்லாட்டி பவானியில சின்னம்மா ஊட்டுல போய் இரு, அதுவும் முடியாதுன்னா செப்டம்பர்ல டிக்கெட் போட்டு இங்க தூக்கிட்டு வந்துருவேன்னு சொன்ன. நான் என்ன மூட்டையா, தூக்கிட்டுப் போறதுக்கு? பொங்கலுக்கு வந்தப்ப நீ ஹால்ல மாட்டிட்டுப் போன, அந்தப் பொகைய உனக்குக் காட்டிக்குடுத்த காமெரா வயரை அன்னைக்குத்தான் புடுங்கி எறிஞ்சேன்.

இது வரைக்கும் கோபத்துல எழுதியாச்சு. மீதியையும் எழுதிர்றேன். மூணாம் நாளு பொழுதோட சும்மா போனைப் பாத்துட்டு இருந்தேன். அன்னைக்கு நீ கூப்புட்டது இருபத்திமூணு தடவன்னு காட்டுச்சு. நடுவுல குரல் பதிஞ்சு ஒண்ணு அனுப்பியிருக்கற, அதை நான் கேக்கவே இல்ல, கோபத்துல. அப்பத்தான் கேட்டேன். பஸ் ஓடற சத்தம், மழை சத்தம், அதுக்குள்ள நீ. மெஷினைப் பத்தி ஒரு பேச்சு இல்ல, காமெராவைப் பத்தி இல்ல. எடும்மா, எடும்மா, எடும்மான்னு அது மட்டுந்தான். அதைக் கேட்டப்பறம் எனக்கு ஒக்கார முடியல கண்ணு. உங்கப்பன் போன அன்னைக்கு நான் ஷிப்டுல இருந்தேன். நீ அங்கிருந்து அவருக்குப் பதினொரு தடவ அடிச்சுப் பாத்துட்டு, கம்பெனி ஆபீசுக்கு அடிச்சு, அம்மா அப்பா எடுக்க மாட்டேங்கறாரு ஊட்டுக்குப் போய்ப் பாருன்னு சொன்ன. நான் போறப்ப அவரு ஈஸி சேருல தூங்கறாப்புலதான் இருந்தாரு, போன் மடியில. அதுல உன்ற பேரு மின்னிட்டே இருந்துச்சு. அஞ்சு வருசமா எனக்கு அந்தச் சேருதான் ஞாபகம். அந்தப் பக்கம் பதினொரு தடவ மணியடிக்கறதைக் கேட்டுட்டு ஒருத்தி நின்னாளே, அவளுக்கு என்ன ஞாபகமிருக்கும்னு நான் ஒருநா கூட ரோசிக்கல. பஸ்ல நின்னுட்டு அந்தப் பொகையப் பாத்து, இருபத்திமூணு தடவ அடிச்சு, நான் எடுக்கல. கதவு போனாப் போகுது. நானா இருந்தா செவுத்தையே இடிக்கச் சொல்லியிருப்பேன்.

இன்னொண்ணும் சொல்லிர்றேன், நாளைக்கு வேற ஆராவது சொல்லித் தெரியறதுக்கு நானே சொல்றது மேல. ஆனியில ஒருநா நெசமாவே தீ வந்துச்சு. பால்காரருக்குப் பாத்திரம் எடுத்துட்டுப் போனேன், ரெண்டே நிமிசம், திரும்பி வந்தா பலகை மேல ரெண்டு வெரக்கடை ஒசரத்துக்கு எரியுது. ஈரத்துணியப் போட்டு அமுத்திட்டேன். மேசை ஓரம் கருகிப்போச்சு. ஏம்மா மேசைக்குப் புதுத் துணின்னு நீ கேட்டப்ப, ஒறம்பரைங்க வர்றாங்கன்னு பொய் சொன்னேன். மூணு நாளு மெஷினைத் தொடவே இல்ல, அத்தனை பயம். பயம்னு சொன்னா நீ நிறுத்தச் சொல்லுவ, அதுக்காக மறைச்சேன். ஆக நீ பயந்தது தப்பில்ல. நீ பேசுன பேச்சுத்தான் தப்பு. ஓடறப்ப மெஷினை விட்டு ஒரு எட்டும் நகரக்கூடாதுன்னு அந்த வீடியோக்காரங்க எல்லாரும் சொன்னாங்க, நான்தான் பால் கெட்டுப்போகுமேன்னு நகந்தேன்.

தண்ணி பட்ட மெஷினை மிதுன் பிரிச்சுப் பாத்தான். உள்ள போர்டு போயிடுச்சு, ரிப்பேர் பண்றது வீண் அத்தைன்னான். பெட்டி மெஷினையே வாங்கிப்போட்டேன். திட்டாத, என்ற காசு. உள்ள வெட்டற எடம் சின்னது, மடிச்ச பேப்பர் அளவுதான் வரும், என்ற சக்கரத்துக்கு அது போதும். ஹால்ல வெக்கல. ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில துணி தொவைக்கற ரூமைக் காலி பண்ணி அங்க வெச்சிருக்கறேன். பொகைக் குழாயைக் காத்தடிக்காத கெழக்குப் பக்கமா செவுத்துல ஓட்டை போட்டு விட்டாச்சு. தீயணைக்கற செவப்பு உருளை ஒண்ணு கைக்கெட்டற தூரத்துல மாட்டியாச்சு. எம்.டி.எஃப்பை இனித் தொடறதில்ல, பிளைவுட் மட்டும். வரதராஜுலு நேத்து வந்து மூடியத் தெறந்து தெறந்து மூடி, நெசமாவே நிக்குதானுங்கன்னு நாலு தடவ சோதிச்சுப் பாத்தாரு. பக்கெட்டை எங்க வெப்பீங்கன்னு கேட்டாரு. பக்கெட்டை ஒளிச்சு வெச்சுட்டேங்கன்னு சொன்னேன், மொகம் தொங்கிப்போச்சு பாவம்.

காமெராவையும் திரும்ப மாட்டுனேன். ஹால்ல இல்ல. நான் எப்படிச் சோறு திங்கறேன், எத்தனை தடவ கோட்டுவாயி விடறேன்னு நீ ஆபீசுல ஒக்காந்து பாக்க வேண்டியதில்ல. மெஷின் ரூம்ல மட்டும் மாட்டியிருக்கறேன். போனை இனிச் சார்ஜுல போட்டுட்டுப் போகமாட்டேன், இடுப்புல சொருகிக்கறேன், நடுங்கற மாதிரி வெச்சிருக்கறேன், மணி கேக்காட்டியும் தெரியும். பவானிக்கும் போகல, செப்டம்பருக்கு டிக்கெட்டும் போடாத. தை மாசம் நானே வாரேன், பதினஞ்சு நாளு, அதுக்கு மேல அந்த ஊருல எனக்கு ஆகாது.

நேரமாச்சு, கதவுச் சங்கிலி வேற ஆடி ஆடிக் கூப்புடுது. மாப்பிள்ளையக் கேட்டதாச் சொல்லு. காதுக்கு மேல குல்லா போடாம பஸ்ஸுக்கு நிக்காத. நீங்க ரெண்டு பேரும் நூறு வருசம் நல்லா இருக்கோணும் சாமி. மறக்காத, தெனமும் எனக்குப் பத்து மணி, உனக்குச் சாயங்காலம் நாலரை, அப்பத்தான் மெஷின் ஓட்டுவேன். ஓட்டறதுக்கு முன்னால நானே கூப்புடறேன், முடிச்சப்பறமும் நானே கூப்புடறேன். நடுவுல காமெராவுல எவ்வளவு வேணாலும் பாத்துக்க, பேச மட்டும் செய்யாத, பல்லு கணக்கு தப்பிப்போகும்.

இப்படிக்கு,
உன்மேல இன்னும் பாதிக் கோபத்தோட இருக்கற அம்மா,
தம்பிதுரை காளியாத்தாள்,
கணபதி, கோயமுத்தூர்.