ஏரிக்கரையில் நாம் ஒளித்த டப்பா

உன் டிபன் டப்பா என் சமையல் மேடையில் நசுங்கிக் கிடக்கிறது. உள்ளே இன்னும் உன் நீலகிரித் தைல வாசனை. பூட்டா போட்டிருந்தோம், கல்லால் அடித்துத் திறக்க? விரலால் நெம்பினால் வருகிற மூடி!

பேத்தமங்களா ஏரிக்கரைக்கு முதலில் போனது, உன் முட்டிவலிக்கு நடக்கச் சொன்னதற்காக. எனக்குக் கரைமேல் இருக்கும் பிள்ளையாரைக் கும்பிட ஒரு சாக்கு. சீத்தாப் புதரிலிருந்து இறங்கிய மயில் நமக்கு வழிகாட்டுவதுபோல் முன்னால் நடந்தது. அதை நல்ல சகுனமென்று அன்றைக்குக் கணக்கு நோட்டில் வரவுப் பக்கம் எழுதினேன் என்று எத்தனை நாள் கேலி செய்தாய்! பாறையில் வெயில் காய்ந்த உடும்பைப் பார்க்கக் குனிந்தபோது, இடுக்கில் கறுப்பு டேப் சுற்றிய டப்பா. கை நீட்டினேன். நீ முந்தானையைப் பிடித்து இழுத்த வேகத்தில் ஊக்கு தெறித்தது.

"தொடாதடி! வெடிக்காத மருந்தா இருக்கப் போவுது!"

தங்கச் சுரங்கத்தில் வெடி வைத்தவர் மகளுக்கு வேறென்ன தோன்றும்? உன் அப்பாவைப் போலவே கையை வாயருகே குவித்து, "வெடி! வெடி! வெலகுங்கோ!" என்று கத்தினாய். நாரைகள் கூட்டமாக எழும்பின. போனைப் பார்த்தபடி வந்த பெங்களூர்ப் பெண் ஒருத்தி பயந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவள்தான் விளக்கினாள். ஜியோகேச்சிங்காம். ஒருவர் ஒளித்த டப்பாவைப் போனில் வரும் குறிப்பை வைத்து மற்றவர் தேடுவது. கண்டுபிடித்தால் உள்ளிருக்கும் தாளில் பெயர் எழுதி, ஒன்றை எடுத்தால் ஒன்றை வைத்து, இருந்த இடத்திலேயே மூடிவிட வேண்டும்.

"கோயில் உண்டியல் மாதிரி" என்றேன்.

"உண்டியல்ல எடுத்தா போலீஸுடி" என்றாய்.

பிறகு நாமே ஒன்று ஒளித்தோம். உன் டிபன் டப்பாவில் உன் கோட்டின் நீலப் பொத்தான், என் திருநீற்றுப் பொட்டலம், நம் இருவர் பெயரும் எழுதிய தாள். ஆள்காட்டிக் குருவி முட்டையிடும் பக்கம் வேண்டாமென்று, முட்டிவலியோடு தள்ளிப் போய் வேறு பாறை தேடியவள் நீ.

உன் சாவு வீட்டில், பிணம் எடுக்குமுன்னே, எதிர்வீட்டுக்காரர் என் காதருகே வந்தார். "ஏரியாண்ட இன்னாவோ ஒளிச்சி வச்சீங்களாமே, தங்கமா?" பொத்தான் என்றேன். சிரித்தார். போன வாரம் போய்ப் பார்த்தால் டப்பா நசுங்கிக் கிடக்கிறது, திருநீறு மண்ணில். உன் கையெழுத்திருந்த தாள் எங்கு தேடியும் இல்லை. அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

சாட்சி இல்லை. ஆனாலும் குழாயடியில் எல்லார் முன்னாலும் கேட்டேன்: "இன்னா சார், எத்தினி சவரன் தேறிச்சி?"

"நான் எங்கம்மா போனேன்?" என்று குடத்தைப் பார்த்தார், குடம் வழிந்துகொண்டிருந்தது. பூமிக்குள் உயிரைக் கொடுத்துத் தங்கம் எடுத்துக் கொடுத்த ஊரில், ஒரு பொத்தானை நம்ப ஆளில்லை!

டப்பாவைக் குழவியால் தட்டி நிமிர்த்திவிட்டேன். புல்லில் கிடைத்த உன் பொத்தானும் புதுத் தாளும் உள்ளே இருக்கின்றன. தாளில் என் பெயரை மட்டும் எழுதி, மேலே ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். உன் கையெழுத்தை நான் போட மாட்டேன்.

நாளைக்கு, நாம் ஒளித்த அதே இடுக்கில் வைப்பேன். உள்ளே கையை விடுமுன் கத்துவேன். இப்போதெல்லாம் எந்தப் பொந்தைக் கண்டாலும் உன் குரல்தான் என் தொண்டையில் வருகிறது. வெடி! வெடி! வெலகுங்கோ!